இடக்கை மருந்து

எங்கள் பக்கத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம். "பெரியப்பா மருந்து சாப்ட்டாரா?" என்றால் மாத்திரை. "மருந்து நமுத்துப் போச்சு" என்றால் பட்டாசுக்குள் அடைக்கிற, தீக்குச்சி முனையில் முக்குகிற கலவை. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் குழப்பமே வராது. மீதி வாக்கியத்தைக் கேட்டதுமே எந்த மருந்து என்று தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை முதல் வகை மருந்தைப் பற்றியது. ஆனால் அதன் கதையில் இரண்டாவது மருந்தும் வந்து போகும்.

எழுதக் காரணம் ஒரு வாட்ஸப் செய்தி. குடும்பக் குழுவில் மூன்றாவது தடவையாக வந்தது. பார்க்கின்சன் நோய்க்கு வெள்ளைக்காரன் விற்கும் மாத்திரை நம்ம ஊர் பூனைக்காலி விதைதான், நம்மிடம் திருடி நமக்கே விற்கிறான் என்பது அதன் சாரம். மறுநாள் பெரியம்மாவிடமிருந்து போன்.

"ஏய்யா, நீ கெமிஸ்ட்ரி படிச்சவந்தான? அந்த வெதைய இடிச்சு பால்ல கலந்து குடுப்பமா? மாத்திரைய நிப்பாட்டிருவமா?"

பெரியப்பாவுக்கு ஆறு வருடமாக நடுக்குவாதம். ஒரு காலத்தில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிப் பழகின கை. இன்றைக்கு ஒரு டம்ளர் காப்பியைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக மாத்திரை தேவைப்படுகிறது. "டாக்டர்ட்ட கேக்காம எதையும் மாத்தாதீங்க பெரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆனால் அந்தச் செய்தி பொய்யா என்று அவர் கேட்டதற்கு என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அதைத் தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை.

ஒரு கார்பன், இரண்டு கை

மாத்திரையில் இருக்கும் முக்கியப் பொருளின் பெயர் எல்-டோபா. மருந்துப் பெயர் லெவோடோபா. அமைப்பு ரொம்பச் சிக்கலானது இல்லை. ஒரு பென்சீன் வளையம், அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள், பிறகு ஒரு வால். அந்த வாலில் உள்ள ஒரு கார்பன் மீது நான்கு வெவ்வேறு தொகுதிகள் உட்கார்ந்திருக்கின்றன. நான்கும் வேறு வேறு என்பதால் அவற்றை இரண்டு விதமாக அடுக்கலாம். ஒரு அடுக்கு இன்னொன்றின் கண்ணாடி பிம்பம். இடது கால் செருப்பை எப்படிப் புரட்டிப் போட்டாலும் வலது காலுக்குச் சேராது அல்லவா, அந்த மாதிரி. இப்படிப்பட்ட மூலக்கூறுகளைக் கைரல் என்பார்கள். கிரேக்க மொழியில் 'கை' என்பதற்கான சொல்லிலிருந்து வந்த பெயர். டோபாவின் இடக்கை வடிவம் எல், வலக்கை வடிவம் டி என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டுக்கும் எடை ஒன்று, உருகுநிலை ஒன்று, தண்ணீரில் கரையும் அளவும் ஒன்று. சாதாரணமாக ஆய்வுக்கூடத்தில் பிரித்துப் பார்க்கவே முடியாது. ஆனால் நம் உடம்பு கண்டுபிடித்துவிடும். காரணம், உடம்பில் வேலை செய்யும் நொதிகள் எல்லாமே ஒரே கை கொண்ட அமினோ அமிலங்களால் ஆனவை. கையுறைக்குள் எந்தக் கை நுழைகிறது என்று கையுறைக்குத் தெரிவது போல.

இதை முதலில் கண்ணால் பார்த்துச் சொன்னவர் லூயி பாஸ்டர். 1848-ல் டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை உருப்பெருக்கியில் வைத்து, இடப்பக்கம் சாய்ந்தவை, வலப்பக்கம் சாய்ந்தவை என்று இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்தார். டார்டாரிக் அமிலம் வேறு எதுவுமில்லை, நம் வீட்டுப் புளியின் புளிப்பு. புளியமரம் அதில் ஒரு கையை மட்டும்தான் செய்கிறது. ஆனால் கைச் சார்பே இல்லாத பொருள்களை வைத்து மனிதன் சோதனைக் குடுவையில் செய்தால் இரண்டு கையும் பாதிப் பாதி வரும். பள்ளிப் பாடத்தில் 'சுழிமாய்க் கலவை' என்று படித்திருப்பீர்கள். மரத்துக்குத் தெரிந்தது குடுவைக்குத் தெரியாது. நூறு வருடத்துக்கும் மேல் வேதியியலாளர்களை உறுத்திக்கொண்டிருந்த விஷயம் இது.

சென்னையில் 1937

டோபாவை முதலில் குடுவையில் செய்தவர் காசிமிர் ஃபங்க், 1911-ல். அவருக்குக் கிடைத்தது பாதிப் பாதி கலவை. 1913-ல் சுவிட்சர்லாந்தில் ரோஷ் நிறுவனத்தில் இருந்த மார்க்கஸ் குகன்ஹைம், அவரை வகையைச் சேர்ந்த ஃபாவா பீன்ஸிலிருந்து இடக்கை டோபாவைத் தூய்மையாகப் பிரித்தார். இரண்டரை கிராம் எடுத்துத் தானே விழுங்கியும் பார்த்தார். வாந்தி வந்தது. உடம்புக்கு இதனால் பெரிய பலன் இல்லை என்ற முடிவில் கதை அங்கேயே நின்றுவிட்டது.

இனி நம் ஊர்ப் பகுதி. 1937-ல் 'பயோகெமிக்கல் ஜர்னல்' என்ற இங்கிலாந்து இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் எம். தாமோதரனும் ஆர். ராமசாமியும். இடம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வகம். பூனைக்காலி விதையிலிருந்து எல்-டோபாவைப் பிரித்தெடுத்ததைச் சொல்லும் கட்டுரை. வாட்ஸப் செய்தியில் சொல்லாமல் விட்ட விஷயம் இதுதான். பூனைக்காலியில் அந்தப் பொருள் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னவர்கள் சென்னைக்காரர்கள். வெளிப்படையாக, பெயர் போட்டு, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அச்சிட்டுச் சொன்னார்கள். திருட்டுக்கு அங்கே இடமே இல்லை.

பூனைக்காலியைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. வேலியில், காட்டோரத்தில் படரும் கொடி. காயின் மேல் பூனை ரோமம் மாதிரி சுணை. உடம்பில் பட்டால் அரிப்பு பிய்த்துவிடும். விதை பளபளவென்று அவரை விதை போல இருக்கும். எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்கு வரை எல்-டோபா இருக்கலாம். ஒரு தாவர விதைக்கு இது மிக அதிகம். ஆயுர்வேதம் இதைக் கபிகச்சு என்றும் ஆத்மகுப்தா என்றும் சொல்லும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பளியர், காணிக்காரர் போன்ற மக்கள் பூனைக்காலி இன விதைகளைத் தண்ணீரை மாற்றி மாற்றிப் பல தடவை வேகவைத்த பிறகே உண்பதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஏன் அத்தனை தடவை? தண்ணீரோடு டோபாவின் பெரும்பகுதி வெளியேறிவிடும். குகன்ஹைம் வாந்தியெடுத்துத் தெரிந்துகொண்டதை மலைவாசிகள் சமையலாகவே வைத்திருந்தார்கள்.

ஆனால் 1937-ல் சென்னையிலோ சுவிட்சர்லாந்திலோ யாருக்கும் ஒரு விஷயம் தெரியாது. இந்தப் பொருளால் மனிதனுக்கு என்ன பயன்?

விதைக்கும் நடுக்கத்துக்கும் விழுந்த முடிச்சு

அந்தப் பதிலைத் தேடித்தந்ததிலும் இன்னொரு இந்தியச் செடிக்குப் பங்கு உண்டு. சர்ப்பகந்தா. 1931-லேயே சென், போஸ் என்ற இரு இந்திய மருத்துவர்கள் இதன் வேர் இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் தன் நோயாளிகளிடம் கண்டதைப் பிரிட்டன் இதய மருத்துவ இதழில் வெளியிட, உலகமே திரும்பிப் பார்த்தது. 1952-ல் சீபா நிறுவனத்தார் அந்த வேரிலிருந்து ரிசர்பைனைப் பிரித்தார்கள்.

ரிசர்பைன் கொடுத்தால் மிருகங்கள் அசையாமல் சுருண்டுவிடும். ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன் 1957-ல் அப்படிச் சுருண்டு கிடந்த முயல்களுக்கு டோபாவை ஊசியில் ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் முயல்கள் எழுந்து நடந்தன. மூளையில் டோபா டோபமைனாக மாறுகிறது, உடம்பின் அசைவுக்கு அந்த டோபமைன் தேவை என்பது அதிலிருந்து விளங்கத் தொடங்கியது. 1960-ல் வியன்னாவில் ஓலே ஹோர்னிகீவிச் இறந்த பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையை ஆராய்ந்து, அங்கே டோபமைன் வற்றிப்போயிருப்பதைக் காட்டினார். மறுவருடம் அவரும் வால்டர் பிர்க்மையரும் சேர்ந்து நோயாளிகளுக்கு எல்-டோபாவை ஊசியில் செலுத்தியபோது, படுக்கையிலேயே கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள், நடந்தார்கள். ஆனால் அந்த மாற்றம் சில மணி நேரமே நீடித்தது.

அதை நிலையான வைத்தியமாக ஆக்கியவர் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் இருந்த ஜார்ஜ் கோட்சியாஸ். அவர் இந்த விஷயத்துக்கு வந்த வழி ஒரு உலோகம். சிலி நாட்டு மாங்கனீசுச் சுரங்கங்களில் தூசியைச் சுவாசித்த தொழிலாளிகளுக்குப் பார்க்கின்சன் மாதிரியே உடல் இறுகி நடை தடுமாறியது. அவர்களை ஆராயப் போனவர்தான் பிறகு பார்க்கின்சனுக்கே திரும்பினார். 1967-ல் அவர் வெளியிட்ட முடிவு, டோபாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாளொன்றுக்கு 16 கிராம் வரைகூடக் கொண்டுபோய், வாய்வழியாகத் தொடர்ந்து கொடுத்தால் பலன் நிற்கிறது என்பது.

இங்கேதான் கை முக்கியமாகிறது. 1967-ல் அவர் கொடுத்தது இரண்டு கையும் கலந்த டிஎல்-டோபா. மூளைக்கு உதவியது அதில் எல் மட்டும். டி சும்மா உடம்பைச் சுற்றி வந்தது என்றாலாவது பரவாயில்லை. அந்தக் கலவையைச் சாப்பிட்ட சிலருக்கு இரத்த வெள்ளணுக்கள் குறைந்தன. 1969-ல் தனி எல்-டோபாவுக்கு மாறினார். அளவு குறைந்தது, அந்த இரத்தக் கோளாறும் விலகியது. 1970-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. திடீரென்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான நோயாளிகளுக்கு, ஆளுக்குத் தினம் சில கிராம், வாழ்நாள் முழுக்க இடக்கை டோபா தேவைப்பட்டது.

இவ்வளவுக்கும் விதையை நம்பி இருக்க முடியுமா? குடுவையில் செய்தால் பாதி டி. அதைப் பிரித்து ஒதுக்க வேண்டும், இல்லையென்றால் திரும்பக் கலவையாக்கிச் சுற்றில் விட வேண்டும். நேரமும் காசும் கரையும். தேவைப்பட்டது என்னவென்றால், ஆரம்பத்திலேயே ஒரு கையை மட்டும் செய்கிற வழி.

கையில்லாத உலோகம்

இனி இரண்டாவது மருந்தின் பக்கம் கொஞ்சம் போய் வரலாம். தீக்குச்சி முனையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், பசை, கண்ணாடித்தூள். கூடவே கொஞ்சம் மாங்கனீசு டை ஆக்சைடோ பொட்டாசியம் டைகுரோமேட்டோ இருக்கும். ஆம், அந்தச் சிலிச் சுரங்கத்து மாங்கனீசுதான். குளோரேட்டை வெறுமனே சூடாக்கினால் ஆக்ஸிஜனை விடுவதற்கு நிறையச் சூடு வேண்டும். மாங்கனீசு டை ஆக்சைடு பக்கத்தில் இருந்தால் குறைந்த சூட்டிலேயே விட்டுவிடும். இதுதான் வினையூக்கி. தான் செலவாகாமல் அடுத்தவர்களின் வேலையைச் சுலபமாக்கும் ஆள். கல்யாணத் தரகர் மாதிரி.

சொல்லப்போனால் உலோக வினையூக்கியின் வரலாறே நெருப்புப் பற்றவைப்பதில்தான் தொடங்குகிறது. 1823-ல் ஜெர்மனியின் யேனா நகரத்தில் டோபரைனர், ஹைட்ரஜன் வாயுவைப் பஞ்சு போன்ற பிளாட்டினத்தின் மேல் பாய்ச்சினால் அது தானாகவே பற்றிக்கொள்வதைக் கண்டார். அதை வைத்து ஒரு விளக்கு செய்தார். வீடுகளில் அடுப்பும் புகையிலைக் குழாயும் பற்றவைக்க அந்த டோபரைனர் விளக்கு பல வருடம் விற்றது. உரசிப் பற்றும் தீக்குச்சியை இங்கிலாந்தில் ஜான் வாக்கர் விற்க ஆரம்பித்தது 1827-ல். 'வினையூக்கம்' என்ற கருத்துக்கே பெர்சீலியஸ் பெயர் வைத்தது 1835-ல். டோபரைனருக்குச் சரியாக நூறு வருடம் கழித்து, 1923-ல், கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலை ஆரம்பித்தார்கள். மீதி உங்களுக்குத் தெரிந்த கதை.

பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் ஒரே குடும்பம். ஹைட்ரஜனைப் பிடித்து இன்னொரு மூலக்கூறில் ஏற்றுவதில் கெட்டிக்கார உலோகங்கள். டோபா செய்யவும் அந்த வேலைதான் தேவை. ஐஸ்கிரீமில் மணக்கும் வனிலினில் தொடங்குவார்கள். அதன் பென்சீன் வளையத்தில் இரண்டு ஆக்ஸிஜன்கள் ஏற்கெனவே சரியான இடத்தில் பக்கம் பக்கமாக இருக்கின்றன. அதோடு கிளைசினின் ஒரு உறவுப் பொருளைச் சேர்த்தால், ஒரு இரட்டைப் பிணைப்போடு தட்டையான மூலக்கூறு ஒன்று கிடைக்கும். தட்டை என்பதால் அதற்குக் கை கிடையாது. கல்லில் கிடக்கும் தோசை மாதிரி இரண்டு பக்கம் மட்டும் உண்டு. ஹைட்ரஜன் மேல் பக்கமாக வந்து சேர்ந்தால் ஒரு கை, கீழ்ப் பக்கமாகச் சேர்ந்தால் மறு கை.

வெறும் உலோகத்துக்கு மேலும் கீழும் ஒன்றுதான். அதற்குக் கை கிடையாது. அதனால் பாதிப் பாதி.

அப்படியென்றால் உலோகத்துக்கு யாராவது கை கொடுக்க வேண்டும். 1956-ல் ஜப்பானில் அகாபோரியும் கூட்டாளிகளும் ஒரு அழகான யோசனை செய்தார்கள். பட்டு நூல் ஒரு புரதம், புரதத்துக்குக் கை உண்டு. எனவே பல்லேடியத்தைப் பட்டு இழையின் மேல் படியவைத்து, அதை வினையூக்கியாக்கினார்கள். டோபாவின் நெருங்கிய சொந்தமான ஃபீனைல் அலனின் ஒரு கை கூடுதலாகக் கிடைத்தது. ஆனால் பட்டுக்குப் பட்டு பலன் மாறியது. தொழிற்சாலைக்கு ஒத்துவரவில்லை. இருந்தாலும் கடன் வாங்கிய கை வேலை செய்யும் என்பது தெரிந்துவிட்டது.

15-லிருந்து 95

1960-களின் நடுவில் லண்டனில் ஜெஃப்ரி வில்கின்சன், ரோடியம் அணுவோடு மூன்று பாஸ்பீன்கள் சேர்ந்த அடர் சிவப்பு சேர்மம் ஒன்றைக் கொண்டுவந்தார். இது கரைசலிலேயே கரைந்து நின்று ஹைட்ரஜனை ஏற்றும். உலோகத் தூளின் பரப்பு மேடும் பள்ளமுமாக ஆயிரம் விதமாக இருக்கும். கரைசலில் இருக்கும் ரோடியம் அணுக்களோ ஒவ்வொன்றும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்று போல. உலோகத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும் இந்த மூலக்கூறுகளுக்கு ஈனி என்று பெயர். ஈனியை மாற்றினால் உலோகத்தின் குணமே மாறும்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் மான்சாண்டோ நிறுவனத்தில் இருந்த வில்லியம் நோல்ஸ் கணக்குப் போட்டார். வில்கின்சனின் பாஸ்பீனை எடுத்துவிட்டு, கை உள்ள பாஸ்பீனை வைத்தால்? 1968-ல் அவரும் சபாக்கியும் முதல் முடிவை வெளியிட்டார்கள். கூடுதல் 15 சதவீதம். அதாவது நூறு மூலக்கூறில் சுமார் 57 ஒரு கை, 43 மறு கை. கடைக்காரர் எவரும் வாங்க மாட்டார். அதே வருடம் ஜெர்மனியில் ஹோர்னரும் தனியாக இதே பாதையில் வந்து சேர்ந்தார். எண் சிறியதுதான். ஆனால் ஒரு தெளிவான, வரைந்து காட்டக்கூடிய, மாற்றி மாற்றிப் பார்க்கக்கூடிய மூலக்கூறு உலோகத்துக்குக் கை கொடுத்திருக்கிறது. பட்டில் செய்ய முடியாததை இதில் செய்யலாம்.

1971-ல் பிரான்சில் ஆன்ரி ககான் அடுத்த படியைப் போட்டார். பாஸ்பரஸுக்கே கை இருக்க வேண்டியதில்லை, அதைத் தாங்கும் கார்பன் சட்டத்துக்கு இருந்தால் போதும். ஒரு பாஸ்பரஸுக்குப் பதில் இரண்டு பாஸ்பரஸால் ரோடியத்தை இரண்டு பக்கமும் பிடித்தால் பிடி இன்னும் உறுதி. அந்தக் கை உள்ள சட்டத்தை அவர் எங்கிருந்து எடுத்தார் தெரியுமா? டார்டாரிக் அமிலத்திலிருந்து. பாஸ்டர் இடுக்கியால் பொறுக்கிய, நம் புளியில் இருக்கிற அதே அமிலம். மரம் போட்ட கை, ஈனி வழியாக உலோகத்துக்கு வந்தது.

நோல்ஸ் குழு விடவில்லை. கேம்ப் என்று அவர்கள் பெயரிட்ட பாஸ்பீன் கூடுதலை 88 சதவீதத்துக்கு உயர்த்தியது. பிறகு ககானைப் போல இரண்டு பாஸ்பரஸ் கொண்ட டைபேம்ப். 95 சதவீதம். நூறில் தொண்ணூற்றேழரை சரியான கை. மீதிச் சுத்தத்தைப் படிகமாக்கல் பார்த்துக்கொண்டது. ஒரு ரோடியம் அணு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளைச் செய்து தள்ளும் என்பதால், தங்கத்துக்கு நிகரான விலையுள்ள உலோகமும் கட்டுப்படியானது. 1974-ல் மான்சாண்டோ இந்த வழியில் எல்-டோபாவை வணிக அளவில் செய்தது. கைரல் உலோக வினையூக்கி தொழிற்சாலைக்குள் நுழைந்த முதல் தடவை அது.

இதில் எனக்குப் பிடித்த ஒரு பின்குறிப்பு. பூட்டும் சாவியும் போல, டைபேம்ப் ரோடியத்தோடு நன்றாகப் பொருந்தும் பக்கம்தான் எல்-டோபாவைத் தருகிறது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். சிகாகோவில் ஜாக் ஹால்பர்ன் 1980-களின் தொடக்கத்தில் கரைசலைத் துருவிப் பார்த்தபோது கதை தலைகீழ். நன்றாகப் பொருந்தியது சோம்பேறியாக அப்படியே உட்கார்ந்திருந்தது. சரியாகப் பொருந்தாமல் கொஞ்சமாக இருந்த மற்ற வடிவம்தான் ஹைட்ரஜனை வேகமாக வாங்கி, கிடைத்த பொருளில் பெரும்பகுதியைச் செய்துகொண்டிருந்தது. தொழிற்சாலை ஓட ஆரம்பித்துப் பல வருடம் கழித்துத்தான் அது எப்படி ஓடுகிறது என்பதே தெரிந்தது.

ஓய்வு பெற்றுப் பதினைந்து வருடம் கழித்து, 2001-ல், நோல்ஸுக்கு நோயோரி, ஷார்ப்லெஸ் ஆகியோரோடு நோபல் பரிசு கிடைத்தது. கார்ல்சனுக்கு அதற்கு முந்தின வருடம் மருத்துவ நோபல். அதற்குள் டோபா தயாரிப்பே வேறு திசையில் நகர்ந்திருந்தது. 1990-களில் ஜப்பானின் அஜினமோட்டோ நிறுவனம் ஒரு பாக்டீரியாவின் நொதியை வைத்து, ஒரே படியில் எல்-டோபாவைச் செய்யத் தொடங்கியது. நொதிக்குக் கை பிறவியிலேயே உண்டு. விதையில் தொடங்கி, ரோடியம் வழியாகச் சுற்றி, மறுபடி ஒரு உயிரின் கைக்கே வேலை வந்து சேர்ந்தது. ஆனால் ரோடியம் திறந்துவிட்ட வழி மூடவில்லை. இன்று எத்தனையோ மருந்துகளை ஒரே கையில் செய்வது அந்த வழியில்தான்.

பெரியம்மாவுக்குச் சொன்னது

இப்போது வாட்ஸப் செய்திக்கு வருவோம். அதுவும் ஒரு சுழிமாய்க் கலவைதான். பாதி நிஜம், பாதி அதன் கண்ணாடி பிம்பம்.

பூனைக்காலியில் எல்-டோபா இருப்பது நிஜம். அது வேலை செய்வதும் நிஜம். 1995-ல் வெளியான ஓர் ஆய்வில் 60 நோயாளிகளுக்கு 12 வாரம் விதையிலிருந்து செய்த மருந்தைக் கொடுத்து முன்னேற்றம் கண்டார்கள். 2004-ல் லண்டனில் எட்டுப் பேரை வைத்துச் செய்த சோதனையில், 30 கிராம் விதைத் தயாரிப்பு மாத்திரையைவிடச் சீக்கிரமாகவே வேலையைத் தொடங்கியது.

திருட்டு என்பது பொய். விதைக்குள் ஒரு பொருள் இருக்கிறது என்று அறிவது ஒரு வேலை. அது எந்த நோய்க்கு, எப்படி உதவும் என்று அறிவது இன்னொரு வேலை. உலகத்தில் தேவைப்படும் எல்லாருக்கும், ஒவ்வொரு மாத்திரையிலும் ஒரே அளவில், சரியான கையில் அதைச் செய்து கொடுப்பது மூன்றாவது. முதல் வேலையில் சென்னைக்குப் பங்கு உண்டு. இரண்டாவதில் சர்ப்பகந்தா வழியாகக் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் பங்கு உண்டு. மூன்றாவதற்குத் தோசையின் எந்தப் பக்கம் என்று முடிவுசெய்யத் தெரிந்த ஓர் உலோகம் தேவைப்பட்டது. இதில் எதையும் யாரும் யாரிடமிருந்தும் களவாடவில்லை. ஒருவர் அச்சிட்டதை அடுத்தவர் படித்தார், அவ்வளவுதான்.

இதெல்லாம் பெரியம்மாவிடம் இவ்வளவு நீளமாகச் சொல்லவில்லை. இரண்டு விஷயம் மட்டும் சொன்னேன். ஒன்று, விதைக்கு விதை, மண்ணுக்கு மண் டோபாவின் அளவு மாறும். மாத்திரையில் எவ்வளவு என்று மில்லிகிராம் கணக்கில் எழுதியிருக்கிறது. கூடவே கார்பிடோபா என்ற இன்னொரு பொருளும் இருக்கிறது. டோபா மூளைக்குப் போகும் முன்னால் வழியிலேயே வீணாகாமல் காப்பது அது. வாந்தியும் அதனால்தான் குறைகிறது. மாத்திரையோடு சேர்த்து விதைத் தூளையும் கொடுத்தால் அளவு எங்கே போய் நிற்கும் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இரண்டு, மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. உடம்பு விறைத்து, காய்ச்சல் ஏறி, உயிருக்கே உலை வைக்கலாம். எதை மாற்றுவதாக இருந்தாலும் நரம்பியல் டாக்டர் முன்னால் உட்கார்ந்துதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நம்ம ஆளுக ஒண்ணும் செய்யலயாய்யா?"

"செஞ்சாங்க பெரிம்மா. ரெண்டு பேரு. மெட்ராஸ்ல."

அவருக்கு அது திருப்தியாக இருந்தது என்று நினைக்கிறேன். பெரியப்பாவின் மாத்திரை நேரம் மாறவில்லை. காலை எட்டு, மதியம் ஒன்று, ராத்திரி எட்டு.

உங்கள் குழுவிலும் அந்தச் செய்தி வரும். நிச்சயம் வரும். வந்தால் சண்டை போட வேண்டாம். கீழே ஒரே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: தாமோதரன், ராமசாமி, சென்னைப் பல்கலைக்கழகம், 1937. நம் பெருமையைப் பற்றிய செய்தியில் நம் ஆட்களின் பெயராவது இருக்கட்டும்.